வேலைக்காக ஊர் மாறுகிறீர்களா? நகரத்து ஃப்ளாட்டா, புறநகர் ஃப்ளாட்டா என்று முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

புது ஊரில் வேலை உறுதியாகிவிட்டது, சேரும் தேதியும் வந்துவிட்டது, இனி வீடுதான் பாக்கி. தேட உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லோர் கண்ணிலும் படுவது ஒன்றுதான்: ஆபீசுக்குப் பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டுக்குக் கேட்கிற வாடகையில் புறநகரில் இரண்டு படுக்கையறை, பால்கனி, பார்க்கிங், சுற்றிலும் கொஞ்சம் மரம் செடி என்று எல்லாமே கிடைக்கிறது. சிலர் அதைப் பார்த்ததுமே புறநகர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் டிராஃபிக்கை நினைத்துப் பயந்து, நகரத்தின் நடுவில் ஒரு சின்ன வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், ஏனென்றால் அடுத்த ஒரு வருடத்துக்கு உங்கள் காலையும் மாலையும் எப்படி இருக்கும் என்பதை அந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது.

முதலில், தள்ளிப் போகப் போக வாடகை ஏன் குறைகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன் 1826-லேயே விளைநிலங்களை வைத்து இதை விளக்கினார்: சந்தை ஊருக்குச் சரக்கை ஏற்றிப் போகும் செலவு கூடக் கூட, அந்த நிலத்துக்கு ஒருவர் கொடுக்கக்கூடிய குத்தகை குறையும். 1964-ல் பொருளாதார ஆய்வாளர் வில்லியம் அலோன்சோ அதே கணக்கை நகரத்து நிலத்துக்கும் வீடுகளுக்கும் பொருத்தினார். அங்கே சரக்கு போனது, இங்கே நாம் போய் வருகிறோம். ஆக, புறநகர் வாடகையில் நீங்கள் பார்க்கிற அந்தத் தள்ளுபடி, தினமும் போய் வருகிற சிரமத்துக்காகச் சந்தை ஏற்கெனவே கழித்துக் கொடுத்த தொகை. அதை நிர்ணயித்தது அந்த ஊரில் வீடு தேடும் மொத்தக் கூட்டம், எனவே சராசரியான ஒருவருக்கு நகரமோ புறநகரோ கிட்டத்தட்ட ஒரே விலைதான் விழுகிறது. லாபமோ நஷ்டமோ வருவது, நீங்கள் அந்தச் சராசரி ஆளிடமிருந்து எங்கே வேறுபடுகிறீர்கள் என்பதில்தான். வாரத்தில் எத்தனை நாள் ஆபீசுக்குப் போகிறீர்கள், ஆபீஸ் ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது, கூட யார் வருகிறார்கள், வேலை எவ்வளவு நிலையானது. என்னைக் கேட்டால், எந்த ஃப்ளாட்டில் என்ன வசதி என்று பட்டியல் போடுவதை விட இந்த நான்குக்கும் பதில் எழுதி வைத்துக்கொள்வது ஆயிரம் மடங்கு மேல்.

சரி, எண்ணுக்கு வருவோம். மாதம் 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 176 மணி நேரம். நகரத்து வீட்டை விடப் புறநகர் வீட்டிலிருந்து போக அரை மணி, வர அரை மணி கூடுதலாக ஆகிறது என்று வையுங்கள். மாதத்துக்கு 22 மணி நேரம். அது 176-ல் சரியாக எட்டில் ஒரு பங்கு. உங்கள் வேலை நேரத்தின் மதிப்பையே பயண நேரத்துக்கும் கொடுத்தால், சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு ரோட்டில் போகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை, ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஏதாவது படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். அதனால் போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடுபவர்கள் இப்படிப்பட்ட சொந்தப் பயண நேரத்தைச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியே வைத்தாலும் பதினாறில் ஒரு பங்கு. புறநகர் வாடகை உங்கள் சம்பளத்தில் கால் பங்கு என்றால், இந்தப் பதினாறில் ஒரு பங்கு அந்த வாடகையில் கால் பங்குக்குச் சமம். அதாவது நகரத்து வாடகை புறநகர் வாடகையை விட 25 சதவீதம் கூடுதலாக இருந்தாலும், நேரக் கணக்கிலேயே இரண்டும் சமமாகிவிடுகிறது. டிக்கெட், பெட்ரோல் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இதே கணக்கை வாரம் இரண்டு நாள் மட்டும் ஆபீசுக்குப் போகிறவருக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் இரண்டு பங்குதான். 25 சதவீதம் 10 ஆகிவிடும். மீதி நாட்களில் வீட்டிலேயே வேலை என்பதால் மேஜை போட ஒரு தனி இடமும் வேண்டும், அது புறநகரில்தான் கட்டுப்படியாகும். அதனால் வாரம் ஒன்றிரண்டு நாள்தான் ஆபீஸ் என்பது நிச்சயம் என்றால், புறநகர் தெளிவாக ஜெயிக்கிறது. அந்த 'நிச்சயம்' என்ற வார்த்தைதான் முக்கியம். நேர்காணலில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி வீடு எடுக்காதீர்கள், வேலை நியமனக் கடிதத்திலோ குறைந்தபட்சம் ஒரு மின்னஞ்சலிலோ எழுத்தில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் என்றிருந்தது ஒரே அறிவிப்பில் நான்கு நாளாக மாறினால், உங்கள் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும், வாடகை ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

வண்டிச் செலவைப் பலரும் பெட்ரோலோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த வீட்டில் இருந்தால் வண்டி இல்லாமல் வாழ முடியுமா? அல்லது இரண்டாவது வண்டி தேவைப்படுமா? ஒரு வண்டி என்றால் தவணை, காப்பீடு, சர்வீஸ், டயர், வருடா வருடம் குறையும் அதன் மதிப்பு எல்லாம் சேர்த்துத்தான். ஆபீசுக்கு ரயிலில் போனாலும், சாமான் வாங்கவும் மருத்துவரிடம் போகவும் வண்டி இல்லாமல் முடியாது என்கிற புறநகர்கள் உண்டு. அப்புறம் நகரத்திலும் ஒரு பொறி இருக்கிறது, வாடகையில் பார்க்கிங் சேராது, தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். வண்டியை வைத்துக்கொண்டே நகரத்துக்குள் குடியேறினால் இரண்டு பக்கச் செலவும் உங்கள் தலையில்தான்.

பணத்தில் அடங்காத ஒரு விஷயம் இருக்கிறது, இதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், டெக்சஸில் வேலைக்குப் போகும் சுமார் 900 பெண்களிடம் முந்தைய நாளை ஒவ்வொரு வேலையாக நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றின் போதும் மனநிலை எப்படி இருந்தது என்று குறிக்கச் சொன்னார்கள். வீட்டு வேலை, அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி இடத்தில் வந்தது வேலைக்குப் போய் வரும் பயணம். ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து பொருளாதார ஆய்வாளர்கள் அலோய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃப்ரேயும் 2008-ல் காட்டியது இன்னும் முக்கியமானது: வீடோ சம்பளமோ ஈடு செய்துவிடும் என்று நினைத்துத்தான் மக்கள் நீண்ட பயணத்தை ஏற்கிறார்கள், ஆனால் தூரம் போய் வருபவர்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்கிறார்கள். ஈடாகவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சின்ன வீடு தினமும் அதே சின்ன வீடுதான், ஓரிரு மாதத்தில் கட்டிலையும் அலமாரியையும் எங்கே போடுவது என்று தெரிந்துவிடும், பழகிவிடும். பயணம் ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி சோதிக்கும். இன்று மழை, நாளை சிக்னல் கோளாறு, மறுநாள் ஊர்வலம். எப்படி வரும் என்றே தெரியாத ஒன்றுக்கு மனசு எப்படிப் பழகும்?

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மர்கெத்தி 1994-ல் எழுதியது இங்கே பொருந்தும். நடந்து போன காலத்திலிருந்து கார் காலம் வரை, மனிதர்கள் ஒரு நாளைக்குப் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தைச் சுற்றியே இருந்திருக்கிறது, வேகம் கூடியபோது ஊர்தான் விரிந்தது என்றார் அவர். போக அரை மணி, வர அரை மணி. இதை நான் ஒரு கோடாக வைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் 30 நிமிடத்துக்குள் என்றால் புறநகர், நகரம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, எந்த வீடு நல்ல வீடோ அதை எடுங்கள். 45 நிமிடத்தைத் தாண்டினால், தாண்டுவதற்கு வலுவான காரணம் வேண்டும். குறைந்த வாடகை மட்டும் அந்தக் காரணம் ஆகாது.

ஆனால் எந்த 45 நிமிடம்? விளம்பரத்தில் போட்டிருக்கும் நேரத்தையும், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு பார்க்கப் போனபோது ஆன நேரத்தையும் கணக்கிலேயே எடுக்காதீர்கள். சாலை ஒன்று அதன் கொள்ளளவை நெருங்கும்போது, வண்டிகள் கொஞ்சம் கூடினாலே தாமதம் பல மடங்கு கூடும், அதனால்தான் ஒரே பாதை பத்து மணிக்கு ஒரு மாதிரியும் எட்டரைக்கு முற்றிலும் வேறு மாதிரியும் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன், ஒரு வேலை நாள் மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். வரைபடத்தில் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். எல்லா மாடியிலும் நின்று நின்று வருகிற லிஃப்ட், ஸ்டேஷனுக்குள் நுழையவே ஒரு வரிசை, முதல் ரயிலில் கால் வைக்க இடமில்லாமல் அடுத்ததற்குக் காத்திருப்பது, இறங்கிப் படியேறி வெளியே வரும் அந்த நொடியில் கண்ணெதிரே கிளம்பிப் போகிற இணைப்பு பஸ், அடுத்த பஸ் அரை மணி கழித்துத்தான் என்கிற அறிவிப்புப் பலகை, கடைசியில் விளக்கில்லாத ஒரு நீளமான தெரு. வரைபடம் 42 நிமிடம் என்று சொன்ன பயணம் இது. அந்தத் தெருவில் இரவு ஒன்பதரைக்குத் தனியாக நடந்து வர முடியுமா என்று உங்களை நீங்களே கேளுங்கள், கூட வருபவரையும் கேளுங்கள்.

பஸ்ஸோ ரயிலோ எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்பது தூரத்தை விடப் பெரிய விஷயம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் கால அட்டவணையே தேவையில்லை, தவறவிட்டாலும் கவலையில்லை. அரை மணிக்கு ஒன்று என்றால் உங்கள் மாலை அந்த அட்டவணைக்குக் கட்டுப்பட்டது. ஆபீஸ் கூட்டம் இரண்டு நிமிடம் நீண்டால் வீட்டுக்கு அரை மணி தாமதம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள், ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு அதுவே முடிவைச் சொல்லிவிடும். சராசரி நேரத்தோடு நிறுத்தாமல் மோசமான நாளையும் கணக்கில் வையுங்கள். இருபதில் ஒரு நாள் எவ்வளவு மோசமாகிறது என்று பாருங்கள், ஏனென்றால் மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் அந்த நாள் சராசரியாக மாதம் ஒரு தடவை வரும். புது வேலையில், முதல் சில மாதங்களில், அந்த நாள் ஒரு முக்கியமான கூட்டத்தன்று வந்து நிற்கலாம்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். புறநகர் என்றாலே ஆபீசிலிருந்து தூரம் என்று அர்த்தமில்லை. இன்று பல ஆபீஸ்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. ஆபீஸ் கிழக்குப் புறநகரில் இருந்து, மலிவாகக் கிடைத்ததென்று மேற்குப் புறநகரில் வீடு எடுத்தால், தினமும் மொத்த நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும், இருப்பதிலேயே மோசமான தேர்வு அதுதான். நகரத்தின் நடுவில் குடியிருந்து வெளியே இருக்கும் ஆபீசுக்குப் போனால் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் போகிறீர்கள், சாலை காலியாகக் கிடைக்கும், ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சில ஊர்களில் எதிர்த் திசையில் காலையில் ரயிலும் பஸ்ஸும் குறைவு, ஸ்டேஷனில் இறங்கியபின் ஆபீஸ் வரை போக வழியே இருக்காது. நிறுவனம் வண்டி விடுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இதுவரை பேசியதெல்லாம் வேலைக்குப் போகிறவரின் கணக்கு. கூட வருகிறவரின் கணக்கை யாரும் போடுவதில்லை, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். வேலை ஒருவருக்கு மாறுகிறது, வாழ்க்கை இரண்டு பேருக்கும் மாறுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளே பேச ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள், மதியம் சேர்ந்து சாப்பிட ஒரு மேஜை இருக்கிறது, நாள் முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. கூட வந்தவர் பழைய வேலையை விட்டுவிட்டு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தின் ஒன்பதாவது மாடியில் காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை தனியாக இருக்கிறார். வீடு விசாலம்தான், காற்றும் வருகிறது. ஆனால் கீழே இறங்கினால் நடந்து போக ஓர் இடம் இல்லை, குடும்பத்தின் ஒரே வண்டி ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கிறது. வேலை தேடலாம் என்றால் நேர்காணல் எல்லாம் நகரத்தின் நடுவில், போய் வர அரை நாள். எனக்குத் தெரிந்த சில வீடுகளில் ஊர் மாறியது சரிவராமல் போனதற்குக் காரணம் சம்பளமோ ஆபீசோ இல்லை, இந்தப் பதினோரு மணி நேரம்தான். அதனால் வீடு பார்க்கும்போது முதல் ஓட்டு கூட வருகிறவருக்கு. அவர் பகலில் நடந்தே போகக்கூடிய தூரத்தில், அதாவது 800 மீட்டர், பத்து நிமிட நடை, அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். நூலகம், பூங்கா, வகுப்புகள், கடைத்தெரு, பஸ் நிறுத்தம், ஏதாவது. இவற்றில் ஒன்றிரண்டு இருக்கிற புறநகரும் உண்டு, எதுவுமே இல்லாத நகரப் பகுதியும் உண்டு.

இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், ஆபீஸ்கள் வேறு வேறு திசையில் என்றால், நடுவில் ஓர் இடம் என்று தூரத்தைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். யார் அதிக நாள் போகிறாரோ, யாருடைய நேரம் கறாரானதோ, அவர் பக்கம் சாய்வதே நியாயம்.

தனியாகப் போகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். புது ஊரில் நட்பு உருவாவது ஆபீஸ் முடிந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில். ஆறு மணிக்கு எல்லோரும் எங்காவது போகலாம் என்று கிளம்பும்போது, நீங்கள் மட்டும் வண்டி போய்விடும் என்று ஸ்டேஷனுக்கு ஓடினால், நாலு தடவை கூப்பிடுவார்கள், ஐந்தாவது தடவை விட்டுவிடுவார்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் மேலே சொன்ன பலவும் பின்னுக்குப் போய்விடும். பள்ளியில் இடம் எங்கே கிடைக்கிறதோ அதுதான் உங்கள் பகுதி. பிள்ளைகள் ஓடி விளையாட இடம், தனி அறை, வண்டிகள் பறக்காத தெரு என்று புறநகர் உண்மையாகவே கொடுக்கிற நன்மைகள் இவை. இதற்காக 50 நிமிடப் பயணத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டால் அதில் நான் குறை காணமாட்டேன். ஆனால் காலையில் பிள்ளையை விட்டு, மாலையில் அழைத்து வருவது யார், ஆபீசில் இருக்கும்போது பள்ளியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் யார் போய்ச் சேர முடியும் என்பதைக் குடியேறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியக் கிளை 2018-ல் கொடுத்த வழிகாட்டுதல்படி இரவில் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். நகரத்து வீடு என்றால் படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறதா, பின்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரே கட்டடத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். புறநகரில் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடுவதால் அங்கே அமைதி உறுதி என்றும் சொல்ல முடியாது.

அடுத்து வேலையின் நிலைத்தன்மை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சில மாதத் தகுதிகாண் காலம் இருக்கும். அது முடியும் முன் நீண்ட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வது தேவையில்லாத ஆபத்து. ஒற்றை வளாகத்தை நம்பி அதன் பக்கத்துப் புறநகரில் குடியேறினால் அந்த வேலை இருக்கும் வரை சொர்க்கம், வேலை போனாலோ நீங்களே மாற நினைத்தாலோ அடுத்த வேலை ஊரின் மறுகோடியில் கிடைக்கும். நகரத்தின் நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் ஓரளவு சம தூரம், அடுத்த வேலை எங்கே கிடைத்தாலும் வீடு மாற வேண்டிய அவசியம் குறைவு. வாடகையில் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பகுதி இதற்கான காப்பீடு என்றே நான் பார்க்கிறேன்.

இத்தனையும் வைத்து என் தீர்ப்பைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் இல்லாமல், வாரம் நான்கைந்து நாள் ஆபீஸ் என்று ஊர் மாறுகிறவர்கள் முதல் வருடம் நகரத்துக்குள்ளேயே, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எடுங்கள். வாரம் இரண்டு நாள்தான் ஆபீஸ் என்பவர்களும் பிள்ளைகளோடு வருபவர்களும் தயங்காமல் புறநகர் பாருங்கள். இரண்டிலும் மனசு நிற்காதவர்களுக்கு ஒரு வழி: ஏரியா பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஆபீசுக்கு வண்டி மாறாமல் போகிற ரயில் பாதை எது என்று பார்த்து, அந்தப் பாதையில் ஒவ்வொரு ஸ்டேஷனாக வெளியே போய், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் என்ன கிடைக்கிறது என்று தேடுங்கள். நகரத்தை ஒட்டிய பழைய புறநகர்களில் இப்படி நல்ல வீடுகள் இருக்கும், கட்டடம் பழசாக இருக்கலாம், லிஃப்ட் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் தெருவில் கடை இருக்கும், வண்டி இருக்கும்.

எதை எடுத்தாலும், நிறுவனத்திடம் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பல இடங்களில் கிடைக்கும், கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. அந்த நாட்களில் வீடு பார்த்தால் அவசரம் இருக்காது. ஒப்பந்தத்தில் முன்கூட்டியே காலி செய்தால் என்ன கட்ட வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எப்போது எந்தப் பிடித்தத்தோடு திரும்பும், வாடகை எப்போது எவ்வளவு கூடும் என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். வேலை மாற்றம் காரணமாகக் காலி செய்தால் அபராதம் இல்லை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்றும் பேசிப் பாருங்கள், ஒப்புக்கொள்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். குடியேறியபின் சில வாரங்களுக்குக் கிளம்பும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் போனில் குறித்து வையுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்க வருவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்தக் குறிப்பை எடுத்து, உங்கள் சொந்த எண்களை வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போடுங்கள்.